தேருக்குள் சிலிண்டர்: பண்டைக்காலப் போர்ப் படத்தில் பிழை பிடிப்பது எப்படி

ரிட்லி ஸ்காட்டின் ‘கிளாடியேட்டர்’ (2000) படத்தில், கொலோசியத்தில் நடக்கும் முதல் சண்டையை ஓடவிடுங்கள். தேர்கள் வட்டமடிக்கின்றன. ஒன்று சுவரில் மோதிக் கவிழ்கிறது. பின்பக்கத்தை மூடியிருந்த துணி விலக, உள்ளே ஒரு கேஸ் சிலிண்டர் தெரிகிறது. கதை நடக்கும் காலம் கி.பி. 180.

அந்தச் சிலிண்டர் உலகப் பிரசித்தம். அதைப் புதிதாகக் கண்டுபிடித்தால் யாரும் மாலை போடப் போவதில்லை. ஆனால் அது அங்கே ஏன் வந்தது என்று புரிந்துகொண்டால், வேறெந்தப் போர்ப் படத்திலும் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். ஓடுகிற தேர் நாம் சொன்ன இடத்தில் தானாகக் கவிழாது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கு அடியில் அழுத்திய வாயுவால் இயங்கும் ஒரு தண்டை வைத்து, குறித்த நொடியில் தரையை உதைக்கச் செய்து புரட்டுவது ஸ்டண்ட் குழுக்களின் வழக்கம். வாயு வேண்டுமென்றால் சிலிண்டர் வேண்டும். சிலிண்டரை மறைக்கத் துணியோ பலகையோ வேண்டும். கவிழ்கிற வேகத்தில் முதலில் பிய்த்துக்கொண்டு போவது அந்த மறைப்புதான். இன்னொரு டேக் எடுக்க இன்னொரு தேர் செய்தாக வேண்டும். அதனால் கிடைத்த ஷாட்டே படத்துக்குள் போகிறது.

பிழைகள் படம் முழுக்கச் சமமாகத் தூவிக் கிடப்பதில்லை. ஒரே டேக்கில் முடிய வேண்டிய ஸ்டண்ட், சூரியன் நகர்ந்துவிட்ட நாள், கூட்டத்தின் ஓரம், இரண்டு டேக்குகள் ஒட்டப்பட்ட இடம் என்று நான்கு இடங்களில் குவிந்து கிடக்கும். வசனக் காட்சிகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பிரதியைச் சரிசெய்யுங்கள்

தேடத் தொடங்குமுன் டி.வி.யில் இரண்டு வேலை. மோஷன் ஸ்மூத்திங் எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஃப்ரேம்களுக்கு (ஓடும் படத்தின் தனித்தனி நிலைப்படங்களுக்கு) நடுவே இல்லாத ஃப்ரேமைத் தானே வரைந்து நுழைக்கும். வாள் இரட்டையாகத் தெரிவதும் கை மறைவதும் அதனால்தான். அடுத்து ஓவர்ஸ்கேன். சில டி.வி.க்கள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் காட்டும், நமக்கு வேண்டியதோ அந்த ஓரம்தான்.

கணினியில் பார்ப்பதே நல்லது. வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னே போகும். எம்.பி.வி. பிளேயரில் புள்ளி விசை முன்னேயும் காற்புள்ளி விசை பின்னேயும் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தும். பின்னே போக முடிவது சின்ன விஷயமில்லை. சந்தேகமான ஃப்ரேமை முன்னும் பின்னும் பத்து முறை ஆட்டிப் பார்த்தால்தான் அது பொருளா, புழுதியா என்று கண்ணுக்குத் தெளிகிறது.

பிரதி ப்ளூரேயாக இருந்தால் உத்தமம். ஓ.டி.டி. பிரதியில் புகையும் புழுதியும் உள்ள ஷாட்கள்தான் முதலில் சதுரம் சதுரமாக உடையும், போர்க்காட்சி என்றாலே புகையும் புழுதியும்தானே. அந்தச் சதுரங்களை ‘பின்னால் ஒரு வேன் நிற்கிறது’ என்று எழுதிப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஏ.ஐ. கொண்டு மெருகேற்றிய பிரதியைக் கிட்டே சேர்க்காதீர்கள். மங்கலான துணி மடிப்பை அது தானாகவே ஜிப்பாக்கிவிடும். யூடியூப் துண்டுகளில் வேறொரு சிக்கல்: காப்புரிமைப் பிடியிலிருந்து தப்பப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஏற்றியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘வாள் இடக்கைக்கு மாறிவிட்டது’ என்று எழுதினால் தவறு உங்களுடையது.

படத்தின் எந்த வடிவம் என்பதையும் குறித்து வையுங்கள். ‘கிளாடியேட்டர்’ திரையரங்கு வடிவம் 155 நிமிடம், நீட்டித்த வடிவம் 171 நிமிடம். இவற்றின் நேரக்குறிகள் ஒத்துப்போகாது. பழைய பால் (PAL) ஒளிபரப்பு முறை டி.வி.டி.யில், விநாடிக்கு 24 ஃப்ரேம் உள்ள படம் 25 ஃப்ரேம் வேகத்தில் ஓடும். ஆகவே ப்ளூரேயில் 1:20:00இல் உள்ள ஷாட் அங்கே 1:16:48இல் வரும். அமெரிக்க டி.வி.டி.யிலோ ஐந்து ஃப்ரேமுக்கு இரண்டு, பக்கத்து ஃப்ரேமோடு கலந்து சீப்புப் பல் போலத் தெரியும். அதில் ஃப்ரேம் எண்ணுவது வீண்.

இன்னொரு எச்சரிக்கை. சூப்பர் 35 முறையில் படமாக்கியவற்றில், திரையில் காட்டும் பகுதிக்கு மேலும் கீழும் நெகட்டிவில் கூடுதல் படம் இருக்கும். டி.வி.க்காக அதைத் திறந்துவிட்ட பிரதிகளில் பூம் மைக்கும் டிராலித் தண்டவாளமும் எட்டிப் பார்க்கும். அது படக்குழுவின் பிழைக் கணக்கில் சேராது. 2.39:1 விகிதப் படம் 1920×1080 பிரதியில் சுமார் 803 பிக்சல் உயரம்தான் வரும், மேலும் கீழும் 138 பிக்சல் அளவுக்குக் கறுப்புப் பட்டை இருக்கும். திரை முழுக்க நிரம்பியிருந்தால் உங்கள் பிரதி திறந்ததா, பக்கங்கள் வெட்டியதா என்று முதலில் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து உள்ள இடத்தில் தேடுங்கள்

இங்கேதான் அறுவடை அதிகம். யாராவது விழப்போகிறார், எரியப்போகிறார், மிதிபடப்போகிறார் என்றால், அவரைக் காப்பாற்ற ஏதோ ஒன்று ஃப்ரேமுக்குள் ஒளிந்திருக்கும்.

குதிரை விழும் ஷாட்டில் குதிரையைப் பார்க்காதீர்கள். அது வந்து சேர்வதற்கு முந்தைய ஃப்ரேம்களில் தரையைப் பாருங்கள். விழப் பழக்கிய குதிரைக்காக அந்த இடத்து மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி வைப்பார்கள். சுற்றியுள்ள மிதிபட்ட தரையைவிட அந்தத் திட்டு கருமையாகவும் கல்லில்லாமலும் இருக்கும். ஆள் விழும் ஷாட்டில் முழங்காலும் முழங்கையும் உடைக்குள் சதுரமாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடி வாங்கிப் பின்னால் பறக்கிறவன் என்றால், அடி படுவதற்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்பே முதுகுத் துணி ஒரு புள்ளியில் குவிந்து இழுபடும். கயிறு இழுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கயிற்றை சி.ஜி.யில் அழித்துவிடுவார்கள், துணியின் சுருக்கத்தை அழிக்க மறந்துவிடுவார்கள்.

தீ இன்னும் சுலபம். விறகுத் தீ பொறி பறக்கும், புகையும், உயரம் மாறி மாறி ஆடும். குழாயில் துளையிட்டு புரொப்பேன் விட்டு எரிக்கும் தீ ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும், அடிப்பகுதி நீலமாக இருக்கும், புகை அநேகமாக இருக்காது. எரிந்துகொண்டே ஓடுகிறவன் முகத்தைப் பெரும்பாலும் மறைத்திருப்பான். வெளியே தெரியும் தோலில் தீத்தடுப்பு ஜெல் பூசியிருப்பதால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க நின்றவன் போல மினுங்குவான்.

பிறகு அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம். ரோமக் குதிரைப்படைக்கு அங்கவடி கிடையாது. நான்கு கொம்பு வைத்த சேணம்தான் வீரனைப் பிடித்து நிறுத்தியது. ஐரோப்பாவுக்கு அங்கவடி வந்தது 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 7ஆம் நூற்றாண்டிலும், அவார்கள் என்ற நாடோடிக் குதிரைவீரர்கள் வழியாக. ஆனால் நூற்றுக்கணக்கானோர் மரங்களுக்கிடையே பாயும் காட்சியில் அங்கவடி இல்லாமல் ஏறச் சொல்ல எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. அதனால் அங்கவடியைப் போட்டு, உடையின் தொங்கலாலோ தோல் பட்டையாலோ மறைப்பார்கள். தேட வேண்டியது பாய்ச்சலில் அல்ல. ஏறும்போதும் இறங்கும்போதும் பாதம் மேலே தூக்கிய அந்த நான்கைந்து ஃப்ரேமில்தான் அது தெரியும். இதைக் குறிப்பில் எழுதும்போது ‘அறியாமை’ என்று எழுதாதீர்கள். தெரிந்தே செய்தது.

ஆயுதங்களிலும் இரட்டை வேடம் உண்டு. முகத்தருகே வரும் ஷாட்டுக்கு உலோக வாள், கூட்டத்தோடு ஓடும் ஷாட்டுக்கு ரப்பர் வாள். ரப்பர் வாள் கேடயத்தில் பட்டதும் நுனி ஓரிரு ஃப்ரேம் பின்தங்கி வளையும். போர்க்காட்சிகளில் ஷட்டர் கோணத்தை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் அளவை) 180 பாகையிலிருந்து 45 வரை குறைத்து எடுப்பது வழக்கம். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 விநாடிக்குப் பதில் 1/192 விநாடிதான் வெளிச்சம் வாங்கும். திரையில் வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரிந்தாலும், நிறுத்திப் பார்க்கும் நமக்கு அது வரம். வளைந்த வாள் மங்காமல் அப்படியே நிற்கும்.

அப்புறம் டயர் தடம். ஓடும் தேர்களைப் பக்கத்திலிருந்து எடுக்கக் கேமரா வண்டி கூடவே ஓட வேண்டும். தேர்ச் சக்கரத்தின் தடம் குறுகலாகவும் வழவழப்பாகவும் இருக்கும், டயர் தடம் அகலமாகப் பூப்போட்டிருக்கும். டேக்குகளுக்கு நடுவே மண்ணை வாரிச் சமன் செய்வார்கள். எல்லா முறையும் அதற்கு நேரம் இருக்காது. பக்கவாட்டு ஓட்டத்துக்கு அடுத்து உயரத்திலிருந்து ஒரு அகல ஷாட் வந்தால் அதை நிறுத்தி, தேர் ஓடிய பாதைக்கு உள்வட்டத்தில் பாருங்கள்.

நிழலை அளங்கள்

ஒரு போரை எடுக்க நாள் கணக்காகும், கதையில் அது ஒரு மணி நேரம்தான். நிழல் காட்டிக் கொடுத்துவிடும்.

சமதளத்தில், கேமராவுக்குக் குறுக்காக நிழல் விழும்படி நிற்கும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நிழல் கேமராவை நோக்கியோ எதிரேயோ விழுந்தால் அளவு தப்பும். ஸ்கிரீன்ஷாட்டில் ஆளின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் பிக்சலில் அளங்கள். நிழல் ஆளுயரமே இருந்தால் சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில். உயரத்தைப் போல 1.7 மடங்கு என்றால் 30 பாகை. 2.7 மடங்கு என்றால் 20 பாகை. ‘கிளாடியேட்டர்’ கொலோசியம் கட்டப்பட்ட மால்டாவின் அகலாங்கில் சூரியன் 45 பாகையிலிருந்து 30க்கு இறங்கக் குறைந்தது ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த இரண்டு ஷாட்டில், ஒரே வாள்வீச்சின் நடுவில், நிழல் 1லிருந்து 1.7 ஆகிவிட்டால் கதையின் ஒரு நொடிக்குள் படப்பிடிப்பின் ஒன்றேகால் மணி நேரம் ஒளிந்திருக்கிறது.

அந்தக் கொலோசியமே பாடம் நடத்தும். மால்டாவில் பிளாஸ்டரும் பிளைவுட்டும் கொண்டு மூன்றில் ஒரு பங்கு வட்டத்தை மட்டும் சுமார் 16 மீட்டர் உயரத்துக்குக் கட்டினார்கள். மீதி வட்டமும் மேல் அடுக்குகளும் கணினியில் சேர்ந்தவை. எனவே கண் போக வேண்டிய இடம் அந்தச் சேர்க்கைக் கோடு. கேமரா நகரும்போது கீழ் அடுக்குத் தூண்களும் மேல் அடுக்கு வளைவுகளும் ஒன்றாக நகர்கின்றனவா? கீழே நிழல் வலப்பக்கம் விழுந்தால் மேலேயும் அப்படியா? பார்வையாளர் கூட்டத்தில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு, அவன் கை உயர்த்தும் அதே கணத்தில் தள்ளி இன்னொருவன் அதே கோணத்தில் கை உயர்த்துகிறானா என்று பாருங்கள். நகல் கூட்டம் அப்படித்தான் அகப்படும்.

திசையும் நிழலின் தம்பி. டிராய் நகரின் இடிபாடுகள் இன்றைய துருக்கியின் ஹிசார்லிக்கில் இருக்கின்றன. அங்கே கடல் மேற்கே, தார்தனெல்ஸ் நீரிணை வடக்கே. டிராய் போரைக் காட்டும் எந்தப் படத்திலும் கிரேக்கக் கப்பல்களுக்குப் பின்னால், மேற்குக் கடலிலிருந்து, விடியல் வரக் கூடாது.

ஒட்டுப் போட்ட இடம்

ரத்தம் வழிந்த கன்னம் அடுத்த ஷாட்டில் துடைத்த மாதிரி இருப்பதை எல்லோரும் பிடிக்கிறார்கள். அதைவிட நம்பகமானவை மூன்று.

ஒன்று, குதிரை. கதாநாயகனின் ஒரே குதிரையாக மூன்று நான்கு குதிரைகள் நடிக்கும்: பாய ஒன்று, விழ ஒன்று, அசையாமல் நிற்க ஒன்று. நிறம் ஒத்துப்போகும், நெற்றிச் சுட்டியின் வடிவமும், குளம்புக்கு மேல் எந்தக் காலில் எவ்வளவு உயரம் வெள்ளை என்பதும் ஒத்துப்போவது அரிது. வண்ணம் பூசி மறைப்பார்கள், வியர்வையில் கரையும். நான்கு காலையும் ஒரு துண்டுச் சீட்டில் வரைந்து, வெள்ளையைக் குறித்து வைத்துக்கொண்டு படம் பாருங்கள்.

இரண்டு, வாள் உறை தொங்கும் பக்கம். ரோமப் பேரரசின் தொடக்க காலத்தில் லீஜியன் என்ற படையணியின் சாதாரண வீரன் வாளை வலது இடுப்பிலும், அவன் தலைவனான செஞ்சுரியன் இடது இடுப்பிலும் தொங்கவிட்டார்கள். படம் எதைப் பின்பற்றினாலும் சரி, ஒரு ஷாட்டில் மட்டும் ஒட்டுமொத்தப் படையின் உறைகளும் பக்கம் மாறியிருந்தால் எடிட்டர் அந்த ஷாட்டையே திருப்பிப் போட்டிருக்கிறார். படை இடமிருந்து வலமாகப் போக வேண்டியிருக்கும், கையில் இருந்த ஷாட் எதிர்த்திசையில் இருந்திருக்கும்.

மூன்று, பிணத்தின் மூச்சு. ஓய்வில் இருக்கும் மனிதன் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறான், அதாவது ஒரு மூச்சுக்கு 72 முதல் 120 ஃப்ரேம். ஓடி வந்து விழுந்தவனுக்கு இன்னும் வேகம். ஆகவே இரண்டு விநாடிக்கும் குறைந்த ஷாட்டில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நீண்ட ஷாட்டாகப் பார்த்து, மார்பை விட்டுவிட்டு இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கவனியுங்கள். 12 ஃப்ரேமுக்கு ஒருமுறை தாவித் தாவிப் பார்த்தால் கொக்கி ஏறி இறங்குவது தெரியும்.

இவற்றில் பாதிக்கு மேல் எடிட்டருக்குத் தெரிந்தே உள்ளே வந்தவை. எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டுக்கு வேண்டியவற்றைத் தரவரிசைப்படுத்தியபோது உணர்ச்சிக்கு 51 சதவீதமும், ஆட்கள் நிற்கும் இடப் பொருத்தத்துக்குக் கடைசியாக 4 சதவீதமும்தான் கொடுத்தார். முகம் சரியாக வந்த டேக்கில் கேடயம் தப்பான கையில் இருந்தால், கேடயம்தான் தோற்கும்.

கூட்டத்தின் ஓரம்

முன்வரிசைத் துணை நடிகர்களை மேக்கப்பும் உடைப் பிரிவும் சோதித்துத்தான் அனுப்புவார்கள். ஏழாவது வரிசைக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. ஃப்ரேமின் இட, வல ஓரத்தில் ஆறில் ஒரு பங்கை மட்டும் பார்த்து ஒருமுறை முழுக் காட்சியையும் ஓட்டுங்கள். காலணியின் அடிப்பாகம், பூட்ஸின் பின்பக்க ஜிப், மணிக்கட்டில் கடிகாரம் கட்டி வெளுத்த பட்டை, சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பனியன் விளிம்பு ஆகியவை அங்கேதான். கையில்லாத உடையில் மேற்கையைப் பாருங்கள். அம்மைக் குத்திய தழும்பு இருக்கும். பெரியம்மைத் தடுப்பூசி 1796இல்தான் பிறந்தது.

காலப் பிழைக்குத் தனி நோட்டு

படப்பிடிப்புப் பிழையையும் வரலாற்றுப் பிழையையும் ஒரே பட்டியலில் போடுகிறவர்களின் பட்டியலை நம்ப வேண்டாம். முன்னது விபத்து. பின்னது பெரும்பாலும் முடிவு. ‘டிராய்’ (2004) படத்தில் இறந்தவர் கண்கள் மேல் காசு வைக்கிறார்கள். மரபாகச் சொல்லும் டிராய் போரின் காலத்துக்கும், இன்றைய மேற்குத் துருக்கியிலிருந்த லிடியாவில் முதல் காசுகள் அடிக்கப்பட்ட கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு இடைவெளி. யாருடைய கையும் தவறி அந்தக் காசு விழவில்லை. ‘கிளாடியேட்டர்’ தொடக்கப் போரில் வரும் நாய் ஜெர்மன் ஷெப்பர்ட் சாயல். அந்த இனம் வகுக்கப்பட்டது 1899இல்.

தனி நோட்டில் அதிகம் சேரப்போவது செடிகொடிதான். மத்தியதரைக் கடலோரப் படப்பிடிப்பு இடங்களில் சப்பாத்திக் கள்ளி எங்கும் முளைத்துக் கிடக்கும். அது அமெரிக்கச் செடி, 1492க்குப் பின்னால் வந்தது. ஆனைக்கற்றாழையும் அப்படியே. தைல மரம் ஆஸ்திரேலியா. சந்தைக் காட்சியில் தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு நான்கையும் தேடுங்கள். (நம் ஊர்ச் சரித்திரப் படங்களுக்கு இதே சோதனையில் சீமைக் கருவேலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் வந்த முள்மரம் சோழப் படைக்குப் பின்னால் நிற்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, வெட்டி மாளாது.)

குறித்து வைக்கும் முறை

ஒவ்வொரு பிழைக்கும் இத்தனையும் வேண்டும்: எந்தப் பிரதி, அதன் மொத்த நேரம், மணி-நிமிடம்-விநாடி, ஃப்ரேமில் எந்தப் பக்கம், எத்தனை ஃப்ரேம் நீடிக்கிறது, என்ன தெரிகிறது, அது என்னவாக இருக்கலாம், வேறு என்னவாகவும் இருக்கலாம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். சிலிண்டருக்கு இப்படி எழுதலாம்: ‘கவிழ்ந்த தேரின் பின்புறம், உருளை வடிவ உலோகம், மறைப்புத் துணி விலகியதால் தெரிகிறது, ஸ்டண்ட் கருவி, தேரின் அச்சாக இருக்குமா? இருக்காது, அச்சு குறுக்கே தனியாகத் தெரிகிறது.’ இந்த மறுகேள்வியைத் தாண்டி நிற்பதை மட்டும் வெளியிடுங்கள்.

ஃப்ரேம் இல்லாத பிழையை ஏற்காதீர்கள். ‘பென்-ஹர்’ (1959) தேரோட்டத்தில் சிவப்புக் கார் தெரிகிறது என்று ஒரு கதை, ஸ்டண்ட் நடிகர் இறந்துபோனார் என்று இன்னொரு கதை, இரண்டும் ஓயாமல் சுற்றுகின்றன. தேரிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் ஜோ கனட். தாடையில் காயத்தோடு தப்பினார், அந்த ஷாட் படத்திலேயே இருக்கிறது. கார்க் கதை சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்தப் பிரதியில், எத்தனையாவது நிமிடத்தில்?

ஸ்கிரீன்ஷாட்டை அன்றே எடுத்து வையுங்கள். 2019 மே மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டி.வி. தொடரின் விருந்துக் காட்சியில் மேசைமேல் காபிக் கோப்பை நின்றது. ஓரிரு நாளில் தொடரை ஒளிபரப்பிய எச்.பி.ஓ. அதைக் கணினியில் அழித்துவிட்டது. இப்போது அந்த அத்தியாயத்தைத் திறந்தால் மேசை சுத்தமாக இருக்கிறது.